டீச்சர் விட்ட லீவு

சவப்பெட்டிக்குள் கிடந்த அக்காவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டு, டிரைவர் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். வந்தவர்கள் கழற்றிப்போட்ட குவியலில் ஒன்றுதான் கிடைத்தது. மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"சொந்தக்காரங்க எல்லாம் வந்துக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?"

"ஸ்கூலுக்கு."

"அறுபது வயசுல சேத்துக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே சிரிப்பு வந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். காலையிலிருந்து அந்த வீடு அப்படித்தான் இருந்தது. அழுதுகொண்டிருக்கிறவர்கள் நடுவில் யாராவது அக்காவைப் பற்றி ஒன்று சொல்வார்கள், சிரிப்பு வந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே போய்விட்டாள். எழுபத்தொரு வயது. யாருக்கும் ஒரு தொந்தரவும் வைக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்தவள். சர்ச் ஸ்கூலில் முப்பத்தாறு வருஷம் ஒன்றாம் வகுப்பு மட்டுமே எடுத்தாள். அந்த சர்ச்சைச் சேர்ந்த பங்கு மக்களில் பாதிப் பேருக்கு எழுத்து வந்தது அவள் கைபிடித்துத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல் தடுக்கினால், எந்த வயதானாலும் கண் தானாக அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் போகும்.

பள்ளிக்கூடத்துக்கும் பூசை நடக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இரண்டின் வாசலும் ஒரே ரோட்டில். போன வருஷம் ஓய்வு பெறும்வரை டிரைவர் பஸ் ஓட்டியதும் அந்த ரோட்டில்தான். நாலு மணிக்கு அக்கா நடுரோட்டில் நின்று உள்ளங்கையைக் காட்டுவாள். பிள்ளைகள் கடப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாலு மணி வேலையை அவள் விடவில்லை. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அவள் பெயரே 'கை காட்டுற டீச்சர்'. தம்பி பஸ் என்பதற்காக ஒரு நாளும் முன்னால் விட்டதில்லை. லேட்டாகிறதென்று ஒருமுறை அவர் ஹாரன் அடித்துவிட்டார். கடைசிப் பிள்ளை கடந்த பிறகும் அவள் கையை இறக்காமல் நின்றாள். பஸ்ஸே சிரித்தது.

தலைமையாசிரியை அறையில் ஃபாதரும் இருந்தார். பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தாளாளர்.

"வாங்க டிரைவர். பத்து மணிக்குப் பூசை வெச்சிடலாமா?"

"வெச்சிடலாம் ஃபாதர். நான் ஒரு லீவு கேட்டு வந்தேன்."

"யாருக்கு?"

"பிள்ளைங்களுக்கு."

தலைமையாசிரியை பேனாவை மூடினாள். "அண்ணே, வேலையில இருக்கும்போது இறந்தாத்தான் லீவு. ரிடையர் ஆனவங்களுக்கு ஒரு ஜெபம் மட்டும்தான். இங்க அதுதான் வழக்கம்."

"டீச்சர் எப்போம்மா ரிடையர் ஆனாங்க? போன வாரம்கூட ரோட்டுல என் காரை நிறுத்துனாங்களே," என்றார் ஃபாதர். "விடுங்க, லீவு குடுத்துடலாம். ஒரு சனிக்கிழமை ஈடு பண்ணிக்கோங்க."

"சரி ஃபாதர். பெட்டி ரோட்டைத் தாண்டிப் போனதும், ஒவ்வொரு கிளாஸா வாயில விரல் வெச்சு வரிசையா அனுப்பிடறேன்."

"அதுதாம்மா வேண்டாங்கறேன்," என்றார் டிரைவர். "அக்கா பெட்டி இந்த ரோட்டுல இருக்கும்போதே லீவுன்னு சொல்லணும். லீவுன்னா பிள்ளைங்க கத்தும்ல, அது பெட்டி வரைக்கும் கேக்கணும். அவ என்கிட்ட கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்."

"என்னண்ணே பேசறீங்க? பெட்டி வெளிய வரும்போது பிள்ளைங்க ஹோன்னு கத்துனா ஜனங்க காறித் துப்பும். எழவு வீட்டுல கூச்சலான்னு கேப்பாங்க."

டிரைவர் மேஜைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பழைய ஹெட்மாஸ்டர் இறந்தப்ப நீ ஒண்ணாங்கிளாஸ்தானேம்மா?"

ஃபாதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த ஹெட்மாஸ்டர் இறந்த அன்று, காலை வழிபாட்டில் லீவு என்று அறிவித்ததும் பள்ளிக்கூடமே கத்தியது. உரக்கக் கத்தியது ஒன்றாம் வகுப்பு. அப்போதிருந்த பங்குச்சாமியார் அந்த வகுப்பை அப்படியே வெயிலில் முட்டி போட வைத்தார். அக்காவும் பிள்ளைகள் வரிசையில் போய் முட்டி போட்டாள். அன்று சாயங்காலம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "ஹெட்மாஸ்டர் சிரிச்சே நான் பாத்ததில்லடா. ஒரே நாள்ல நூத்தம்பது பேரைச் சந்தோஷப்படுத்திட்டுப் போயிட்டார். நான் போனாலும் அப்படித்தான் போகணும். யாரும் பிள்ளைங்க வாயைப் பொத்தாம நீதான் பாத்துக்கணும்." போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதுகூட, "ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"டீச்சர் என் பக்கத்துலதான் முட்டி போட்டாங்க," என்றாள் தலைமையாசிரியை. "எனக்கு மூக்கு ஒழுகிக்கிட்டிருந்துச்சு. அவங்கதான் தொடைச்சு விட்டாங்க." கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள். "நீங்க போங்கண்ணே. ஆளுங்க வந்து காத்திருப்பாங்க."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டிரைவர் கிளம்பினார். வாசல்படி இறங்கும்போதுதான் காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

பூசையில் ஃபாதர் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. கடைசிப் பாட்டு தொடங்கியபோது பக்கவாட்டு வரிசையைப் பார்த்தார். தலைமையாசிரியை இருந்த இடம் காலியாக இருந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் வலது தோள் கொடுத்தார் டிரைவர். கோயில் வாசலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பிள்ளைங்களா, உங்களுக்கு ரோட்டுல கை காட்டுவாங்களே, அந்த டீச்சர் நேத்து இறந்துட்டாங்க. அவங்களுக்காக இன்னைக்கு ஸ்கூல் லீவு."

சத்தமே இல்லை.

டிரைவர் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். பின்னால் தூக்கி வந்தவரின் மூச்சு கேட்டது. நல்ல பிள்ளைகள், பாழாய்ப்போன பிள்ளைகள், வாயில் விரல் வைத்து நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. அந்தக் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"சத்தம் போடலாம்."

முதலில் கீச்சென்று ஒரே ஒரு குரல். ஒன்றாம் வகுப்பாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் மொத்தமும். ஓடு வேய்ந்த கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஒன்றாகக் கிளம்பின. ஊர்வலத்தில் ஒரு பெரியவர், "என்ன கண்றாவி இது?" என்றார். டிரைவரின் மனைவி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசல் திறந்து பிள்ளைகள் ரோட்டில் கொட்டினார்கள். பெட்டிக்கு எதிரே வந்ததும் தயங்கி நின்றார்கள்.

டிரைவரும் நின்றார். தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். அவர் இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.

பிள்ளைகள் கடந்தார்கள், பையும் கையுமாக, இரண்டிரண்டு பேராக. கடைசியில் வந்த சின்னப் பெண்ணின் தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது. அவள் திரும்பிப் போய் எடுத்து, பாவாடையில் துடைத்து, உயர்ந்திருந்த கையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரப்படாமல் நடந்தாள்.

அவள் அந்தப் பக்கம் ஏறிய பிறகும் டிரைவர் கையை உடனே இறக்கவில்லை.