ஞாயிற்றுக்கிழமை பேசிக்கலாம்

வார்டுக் கதவின் ஒரு பாதி தாழிட்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் குறுக்கே மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவள் ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் மேல் தாழ்ப்பாளை எட்டி எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. அதற்குள் வரிசையாகக் கிடந்த கட்டில்களிலிருந்து தலைகள் எழும்பிவிட்டன.

"போர்வைய மேல இழுத்து விடும்மா" என்றார் அப்பா, ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"குளிருதாப்பா?"

"மூஞ்சிய மூடு."

"என்னப்பா பேச்சு இது!"

அவள் செய்ய மாட்டாள் என்று தெரிந்ததும் அவரே போர்வையை நெற்றிக்கு மேல் இழுத்துக்கொண்டார். மூச்சு வாங்க வாங்க, துணி ஏறி ஏறி இறங்கியது. அடுத்த கட்டில்காரரின் மனைவி, "ஐயோ, மைக் ஐயா போயிட்டாரா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லங்க. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் அவள். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. பொய் சொல்லி என்ன பயன்? ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் விலாவில் தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

அண்ணன் வந்து ஒரே தட்டில் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டான்.

அப்பா குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டியவர். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை, வேலையை விட்டு வந்த பிறகும் அடங்கவில்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் மைக் கெட்டுப்போனால் அவரை எழுப்பி நிறுத்திவிடுவார்கள். 'மைக் ஐயா' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"மந்திரியிலேர்ந்து கவுன்சிலர் வரைக்கும், அரசாங்கச் சம்பளம் வாங்கறவன் எல்லாம் பெரியாஸ்பத்திரிலதான் படுக்கணும். அதுக்கு ஒரு சட்டம் போடு. மந்திரி இந்த மெத்தையில ஒரு ராத்திரி படுத்தாப் போதும், மறுநாளே எல்லா மெத்தையும் புதுசாயிடும்."

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அண்ணனால் முடியாது. வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனியில் அவன் அதிகாரி. தொண்டை மட்டும் அப்பாவுடையது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"யார் காசுல? என் சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரிய புடிச்சுக்கறான். அந்தக் காச எடுத்து இலவசம், உதவித்தொகைன்னு அள்ளி விடறான். மொதல்ல ஆஸ்பத்திரிய ஒழுங்கா நடத்தட்டும். அப்புறம் மந்திரி என்ன, நானே வந்து படுக்கறேன்."

"கோடி கோடியா வச்சிருக்கறவன விட்டுட்டு உன்னைப் புடிக்கறானேன்னு கேளு, நியாயம். அத விட்டுட்டு ஒண்ணுமில்லாதவன் வாங்கறத ஏன்டா எண்ணிட்டிருக்க? வசதி இருக்கறவன் எல்லாம் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, இங்க கூரை ஒழுகறத யார்றா கேப்பா? நீ விலகிப் போறியே, அதுதான்டா ஓட்டை."

"உங்க ஓட்டைக் கூரைக்கடியில நான் நனஞ்சு சாகணுமா?"

கடைசியில் இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்புவார்கள். "நீ சொல்லும்மா, யார் சொல்றது சரி?" சூப்பர் மார்க்கெட்டில் நாள் முழுக்க பில் போட்டுவிட்டு, கிடைக்கிற ஒரு விடுமுறையில் இந்தப் பஞ்சாயத்தும் அவள் தலையில். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். அம்மாவுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. அண்ணன் ஸ்டூலை இழுக்கும்போதே காது மிஷினைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடிவிடுவாள்.

நெஞ்சு அடைத்து அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது, அண்ணன் எவ்வளவோ கெஞ்சினான். அவர் அசையவில்லை. சங்கத்துக்காரர்கள் தினமும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு பெருமைப்பட்டார்கள். இன்று காலை, பாத்திரம் கழுவி எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனுக்குப் போன் போடு. அங்க போயிடலாம்."

"எங்கப்பா?"

"கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு. என்னால முடியலம்மா. பயமா இருக்கு."

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை காலம் வீட்டைக் கூட்டம் நடக்கும் மைதானமாக்கிவிட்டு, இப்போது இதைச் சொல்ல இவருக்கு எப்படி மனது வந்தது? அடுத்த நிமிடம் அவருடைய விரல்களைப் பார்த்தாள். நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. வராந்தாவுக்கு ஓடிப் போய்ப் போன் செய்தாள்.

"இத்தனை வருஷமா நான் என்ன சொல்லிட்டிருக்கேன்?" என்று ஆரம்பித்தான் அண்ணன். பிறகு சட்டென்று குரல் இறங்கியது. "அவரே கேட்டாரா?"

"ஆமா."

"அவர் வாயால?"

"அவர் வாயாலதாண்ணா."

அந்த 'அவர் வாயால' அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் எதையும் மறப்பவன் இல்லை. அதுவும் ஜெயித்ததை.

ஆம்புலன்ஸில் அண்ணன் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். வண்டி சந்துகளில் வளைந்து வளைந்து போனது. அப்பா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"என்னடா... ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"என்ன சொல்லணும்?"

"சொல்லேன். நல்ல சந்தர்ப்பம்... விட்டுடாத." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அண்ணன் மாஸ்க்கைத் திரும்ப மூக்கின் மேல் பொருத்திவிட்டான். "ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்பா. இப்ப பேசாதீங்க."

சிக்னலில் வண்டி நின்றது. சைரன் எத்தனை அலறினாலும் முன்னாலிருந்த கார் நகரவில்லை. நகர்ந்தபோது அப்பாவின் கை அவள் கைக்குள் கனத்துப்போயிருந்தது. கண்ணாடி ஆஸ்பத்திரியின் வாசலில் வண்டி போய் நின்றதும் பெரிய கதவு தானாகத் திறந்தது. டாக்டர் வெளியே வந்து, வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். உள்ளே போக யாரும் இல்லாததால் கதவு தானாக மூடிக்கொண்டது.

மதியத்துக்குள் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. வாடகை நாற்காலிகளில் பம்ப் ஹவுஸ் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பேசியது அடுத்த தெரு வரை கேட்டது.

"பையன்தான் தூக்கிட்டுப் போனானாம்."

"பின்ன? அப்பன் பெரியாஸ்பத்திரில கெடந்தா ஆபீசுல இவன் மானம் போயிடாதா?"

"அங்கயே விட்டிருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருப்பாரு. வழியிலயே முடிச்சுட்டான்."

அவளுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். கொடுத்தவர்களுக்கே மறுபடியும் கொடுத்தாள். போகிற போக்கில் அண்ணனின் காதைப் பார்த்தாள். காது மடல் சிவந்தால் அவன் பேச ஆரம்பிக்கப் போகிறான் என்று அர்த்தம். இப்போது கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

சங்கச் செயலாளர் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லாத அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நேத்து சாயந்திரம் எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமாம்மா? 'நான் இந்தக் கட்டில விட்டு நகந்தா நம்ம கோரிக்கையே நகந்த மாதிரி'ன்னாரு. அந்தச் சட்டத்துக்காக ஊர் பூரா கையெழுத்து வாங்கப் போறோம். தோழர் படத்தப் போட்டுத்தான் வாங்கப் போறோம். ஆனா நாளைக்கு எவனாவது 'உங்க தலைவரே தனியார் ஆஸ்பத்திரி வண்டிலதான செத்தாரு'ன்னு கேட்டா? நாங்க என்ன பதில் சொல்ல?"

அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே குழாயடியில் அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

"அப்பனக் கொன்னவன்ங்கறாங்க. கேட்டுட்டு நிக்கணுமா?"

"இன்னிக்கு ஒரு நாள்."

"உண்மைய சொன்னா என்ன தப்பு? அவர் கேட்டாரா இல்லையா?"

"கேட்டாரு."

"எப்பவும் நீ அவர் பக்கம்தான்."

"நான் எந்தப் பக்கமும் இல்ல."

"அதுதான் உங்கிட்ட இருக்கற கோளாறு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைக்காமலே முன்பக்கம் போனான்.

அவள் குழாயைத் திறந்துவிட்டுக் குடம் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வாயைத் திறந்தால் அப்பா காலமெல்லாம் பேசியது வெறும் வாய்ச்சவடால் ஆகிவிடும். திறக்காவிட்டால் அப்பாவைக் கொன்றவன் என்ற பெயர் அண்ணனுக்கு ஆயுசுக்கும் நிற்கும். இரண்டு பேரும் அவளுக்கு வேண்டும்.

மயானத்துக்குப் போகும் வண்டி வந்து நின்றது. அதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று செயலாளர் கையடக்க மைக்கை எடுத்தார். அப்பாவின் மேல் சங்கக் கொடி போர்த்தியிருந்தது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பார்த்ததுமே காது மிஷினைக் கழற்றிக் கண்ணாடிக் கூட்டில் போட்டுவிட்டாள்.

செயலாளர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். கோடீஸ்வரனுக்கு ஒரு மருந்து, கூலிக்காரனுக்கு ஒரு மருந்து என்று இருக்கக் கூடாது என்றவரை நினைவுகூர்ந்தார். பிறகு குரல் உடைந்தது. "தோழர் தானா அந்தக் கட்டில விட்டு எழுந்து போயிருந்தா, எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. அவரக் கேட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்களா? இந்தக் குடும்பம் இப்பவே சொல்லணும்."

அண்ணன் எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் கையை விலக்கிவிட்டுப் போய் மைக்கை வாங்கினான். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"கேட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாங்கப்பா, அங்க போயிடலாம்னு கேட்டேன். வரமாட்டேன்னுட்டாரு. கட்டில் கம்பிய கெட்டியா புடிச்சுக்கிட்டாரு. நான்தான் அவர் கைய எடுத்துவிட்டு, வலுக்கட்டாயமா தூக்கிட்டுப் போனேன்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"வண்டிலயும் விடல. 'வசதி இருக்கறவன் எல்லாம் விலகிப் போயிட்டா கூரை ஒழுகறத யார்றா கேப்பா, நீ விலகிப் போறியே அதுதான்டா ஓட்டை'ன்னாரு. அவர் கடைசியா பேசினது அதுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு அதுல இன்னும் உடன்பாடு இல்ல. ஆனா அவர் சொன்னத சொல்லணும்ல."

"பெத்த அப்பன்டா அவரு!" என்று ஒரு கிழ ஃபிட்டர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரோ அவரைப் பிடித்து இழுத்தார்கள். செயலாளர் அண்ணனின் விரல் படாமல் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அம்மா எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளால் தாங்க முடியவில்லை. "இல்லங்க, அப்பாதான்..." என்று முன்னால் வந்தாள்.

அண்ணன் திரும்பினான். அவன் காது மடலில் சிவப்பு துளியும் இல்லை.

"நீ உள்ள போ" என்றான். "உனக்கு அடுப்புல வேலை இருக்கும்."

அன்று அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. அவள் உள்ளே போகவில்லை. வாயில் வந்ததை மட்டும் விழுங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். அப்பாவைத் தூக்கியபோது தோள் கொடுக்க அண்ணன் போனான். முன்னால் இருந்தவர்கள் வழி விடவில்லை. அவன் பின்னால் தனியாக, செருப்பு கூடப் போடாமல், வண்டியை நோக்கி நடந்தான்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அவர்கள் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். அமைதி தாங்காமல் அவள் டிவியைப் போட்டாள். சட்டசபையில் முதியோர் உதவித்தொகையை உயர்த்துவது பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் பழக்க தோஷத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஆரம்பிச்சுட்டாங்க" என்றான் டிவியைப் பார்த்து. "யார் காசுல..."

பாதியில் நிறுத்தினான். எதிரே நாற்காலியின் முதுகில் அப்பாவின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சமையலறை வாசலிலிருந்து வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். மிஷினை எடுத்துக் காதில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, அவன் வாயையே பார்த்தபடி இருந்தாள்.