மேல் லயத்துக்குப் போகும் வழி

வட்டகொடைக்கு மேலே ஆட்டோ சேற்றில் புதைந்த இடத்திலிருந்து தர்ஷன் தனியாகத்தான் ஏறி வந்தான். சக்கரத்துக்குக் கல் வைத்து முடித்ததும் பின்னாலேயே வந்துவிடுவதாக அக்கா பிரியந்தி சொல்லியிருந்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைத் தனியே அனுப்புவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டால், ஆனி மாதத்து மழையைத்தான் கேட்க வேண்டும். பெண்ணின் போட்டோவைக்கூட அவன் பார்த்திருக்கவில்லை. போட்டோவில் பிடித்துப்போய், நேரில் போய் அசடு வழிந்து திரும்பிய அனுபவம் அவனுக்கு உண்டு.

மூடுபனி மலையை மொத்தமாக விழுங்கியிருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களோ எல்லாம் ஒரே அச்சு. முதலில் வெளிச்சம் தெரிந்த கதவைத் தட்டினான்.

"ஐயோ, தொப்பலா நனைஞ்சிட்டீங்களே! உள்ள வாங்க, அடுப்புகிட்ட ஒக்காருங்க."

ஈரத் தலையை விரித்துப் போட்டிருந்த ஒரு பெண். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் வெயிலை மறந்துவிட்ட துணிகள் புகைவாடையோடு தொங்கின. மழையில் வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி, யார் எவர் என்ற விசாரணை பிறகுதான். அது இந்த மலையின் மரியாதை. பெண் பார்க்கப் போன வீட்டில் தேத்தண்ணி கொண்டு வருகிறவள்தான் பெண் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. தர்ஷன் கோப்பையை வாங்கிக்கொண்டான். தேத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள அவன் உள்ளங்கையில் சீனி வைத்தாள். பனி கதவு வழியே உள்ளே வந்து நெருப்புக்குப் பக்கத்தில் கரைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமும் இந்த அடுப்போரத்திலேயே உட்கார்ந்திருந்த மாதிரி அவனுக்கு இருந்தது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"எனக்குப் பேச்சு வராதுங்க," என்றான். "ஆனா முடிவு பண்ணிட்டேன். நீங்க சரின்னா அக்காகிட்ட இன்னைக்கே சொல்லிர்றேன்."

விறகைத் தள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "நீங்க எந்த வீட்டுக்கு வந்தீங்க?"

"கிருஷாந்தி வீட்டுக்கு. நீங்கதானே?"

"நான் குமாரிங்க. அவ மேல் லயம்." விறகை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நானும் அங்கதான் கெளம்பிக்கிட்டு இருந்தேன். அவளுக்குத் தல பின்னி விடணும்."

சிரித்துத் தொலைத்திருக்கலாம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

குடையை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள். இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகள் வருவதும் மறைவதுமாக இருந்தன. இந்தப் பனி மட்டும் விலகாமல் இருந்தால் பூண்டுலோயா வரைக்கும் இப்படியே போய்விடலாம் என்று நினைத்தான். நினைக்கவே ஆசையாக இருந்தது.

"நான் அங்க வரலைங்க," என்றான்.

அவள் திரும்பாமல் சொன்னாள்: "அப்பிடிச் சொல்லாதீங்க. காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம ஒக்காந்திருக்கா."

சொன்னாளே தவிர, அவளும் மேலே நடக்கவில்லை.

காற்று ஒருமுறை வேகமாக அடித்தது. மேல் லயத்தின் தகரக் கூரை தெரிந்தது, பிறகு வாசல், வாசலில் மஞ்சள் சேலையில் ஒரு பெண். பாதியில் நின்ற பின்னலை ஒரு கையில் பிடித்திருந்தாள். தோழியைக் கண்டதும் மற்றக் கையை உயர்த்திச் சந்தோஷமாக ஆட்டினாள்.

குமாரி கையை உயர்த்தவில்லை.