மூன்று என்று சொன்னவள்

கைசாவின் வாசலில் அன்றைக்கும் மூடிபோட்ட பாத்திரம் ஒன்று இருந்தது. உள்ளே உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து அவனில் வேகவைத்த ஹாட்டிஷ், இன்னும் சூடு ஆறவில்லை. மணியை அடித்த ஆர்டிஸ் அதற்குள் எதிரே இருக்கும் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஊர் வழக்கம் அப்படி. உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குச் சாப்பாடு தவறாமல் போகும், மனிதர்கள் போக மாட்டார்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாதாம்.

கைசா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐஸ் ஹாக்கி ஆடும்போது வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து, பத்து நாட்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. மரத்துப்போகப் போட்ட ஊசி ஓரிரு நாளில் தெளிந்துவிடும் என்றார்கள். முட்டிக்கு உணர்வு வந்தது, பாதத்தின் மேற்புறத்துக்கு வரவில்லை. கெண்டைக்காலின் வெளிப்பக்கமோ நெருப்பாய் எரிந்தது. போர்வை பட்டாலே கண்ணில் நீர் வந்தது.

தினமும் காலையில் மருத்துவமனை நர்ஸ் போனில் கேட்பாள், வலி பத்துக்கு எத்தனை என்று. கைசா மூன்று என்பாள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எப்போதும் மூன்றுதான், பிரசவத்தில்கூட நான்கைத் தாண்டியவர் இல்லை. அதற்கு மேல் சொன்னால் மாத்திரைக்கு அலைகிறாள் என்பார்களோ என்ற பயம் வேறு. அவள் தம்பி வலி மாத்திரைக்கு அடிமையாகித்தான் செத்தான். அந்தச் சாவுக்கும் வாசலில் பதினொரு பாத்திரங்கள் வந்தன. ஒருவரும் உள்ளே வந்து அவன் பெயரைச் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு அவளுடைய பேருந்தை வேறு யாரோ ஓட்டிப்போவதை ஜன்னலில் பார்ப்பாள். பிறகு ஃபிரிட்ஜின் உறுமலைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இருக்காது.

மறுநாள், சர்ச் விருந்துக்குத் தன் பாத்திரம் தேவைப்பட்டதால் ஆர்டிஸ் கதவைத் தட்டிவிட்டு நின்றாள். கைசா ஊன்றுகோலோடு வந்து திறந்தாள்.

"கைசா, உன் செருப்பு நடு ஹால்ல கிடக்கு. கழண்டது தெரியலையா?"

கைசா திரும்பிப் பார்த்தாள். தெரியவில்லைதான்.

"பரவாயில்லக்கா. வலிகூட மூணுதான்."

ஆர்டிஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள். பாதம் தொங்கியது.

"இதை வச்சுக்கிட்டா மூணுங்கறே? புள்ளைங்கள ஏத்திக்கிட்டு எந்தக் காலால பிரேக்கை மிதிப்பே?"

பத்து நாளாய் அடக்கிய அழுகை அப்போதுதான் வெளியே வந்தது.

ஆர்டிஸே மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போனாள். அறுவைக்குப் பின் போட்ட முட்டிக்கட்டின் இறுக்கத்தில், முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியிருந்தது. மருத்துவர் கட்டைத் தளர்த்தி, நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்தை எழுதினார். அது தம்பியைக் கொன்ற மாத்திரை இல்லை. பாதத்தின் உணர்வும் அசைவும் மெல்லத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும், முழுதாய்த் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார்.

அடுத்த காலை போன் அடித்தபோது ஆர்டிஸ் சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எட்டு," என்றாள் கைசா. "நேத்து ஒன்பது. பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கு."

போனை வைத்ததும் ஆர்டிஸ் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வலியை மறைக்கிறது தைரியம் இல்ல, கைசா. சோத்தை வாசல்ல வச்சுட்டு ஓடறதும் உதவி இல்ல. உன் தம்பிக்கும் நான் அதையேதான் செஞ்சேன். சொல்லு, ஈரோ எப்படிப்பட்ட பையன்?"

கைசா சொல்லத் தொடங்கினாள்.