814-ஆம் அறையின் இரண்டு ஜோடி ஷூக்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை காதலில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இந்த வீட்டுக்கு நான் தனியாகக் குடிவந்த வாரம், கீழ்வீட்டு ரோசா படியேறி வந்தாள். "ஆம்பள ஷூ ஒண்ணு வாங்கி வாசல்ல போடு. பெருசா இருக்கணும். திருடன் அதைப் பார்த்தே திரும்பிப் போயிடுவான்."

வாங்கினேன். ஆறு வருஷமாக வாசலில் இருக்கிறது. ஞாயிறுதோறும் தூசி தட்டுகிறேன்.

அந்த ஷூவைப் பழைய காலத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குக் கொண்டுபோனால் நல்ல நகைச்சுவைக் காதல் கதை வரும் என்று நினைத்தேன். [நான் செய்தது நினைத்தது மட்டும்தான்; கதை தன் வழியில் போனது.]

2

"1936 அக்டோபரில், நியூயார்க்கின் ஹோட்டல் கிரான்ஃபோர்டுடைய சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பேரழகி—"

வேண்டாம். சுழல்கதவுப் பேரழகிகளைத் திரையில் நிறையப் பார்த்தாயிற்று.

"வினிஃப்ரெட் ஹாஸ்கெலுக்கு முப்பத்தெட்டு வயது. அவள்—"

ஒரு பெண்ணை வயதைச் சொல்லியா அறிமுகப்படுத்துவது?

இது இருக்கட்டும்: அந்த ஹோட்டலில் படுக்கப்போகும் முன் எல்லோரும் ஷூவைக் கதவுக்கு வெளியே வைப்பார்கள். ஹோட்டல் ஆட்கள் இரவோடு இரவாகத் துடைத்துவைக்க, காலையில் பளபளவென்று அங்கேயே இருக்கும். 814-க்கு வெளியே தினமும் இரண்டு ஜோடி இருந்தன. உள்ளே ஒருத்திதான் இருந்தாள்.

வினிஃப்ரெட் டேட்டன் நகரத்துத் துணிக்கடை ஒன்றின் கையுறைப் பிரிவுக்குச் சரக்கு எடுக்க வந்தவள். மூன்று வாரத் தங்கல். தனியாக வரும் பெண்ணைச் சாப்பாட்டு அறையில் சமையலறைக் கதவோரம் உட்காரவைப்பார்கள். போன வருஷம் யாரோ ஒருவன் அறைக்கதவின் கைப்பிடியைத் திருகியும் பார்த்தான். அதனால் இந்த முறை பதிவேட்டில் 'திருமதி' என்று எழுதினாள். பெட்டியில் புது ஆண் ஷூ ஒன்றும் கொண்டுவந்தாள்.

3

எதிர் அறை 815-இல் ஏமஸ் டில்லரி. ஷூ கம்பெனி ஒன்றின் விற்பனையாளர், மனைவியை இழந்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பார். லிஃப்டில் வினிஃப்ரெட் சிரித்த அன்றுதான் முகத்தை முதலில் பார்த்தார்.

மறுநாள் காலை அவள் வாசலில் ஆண் ஷூ. 'சரி, அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டார். ஆனால் தொழில் புத்தி போகுமா? குனிந்து புரட்டிப் பார்த்தார். அடியில் ஒரு கீறல் இல்லை. ஒரு வாரம் தினமும் புரட்டினார். ஒரு வாரமும் கீறல் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணவனே பொய் என்று ஊகித்திருப்பார்கள். ஷூ விற்கிறவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஷூ இருந்தால் கால் இருக்கும். கால் நடக்கவில்லை என்றால், பாவம், ஆள் படுத்த படுக்கை.

"மிஸஸ் ஹாஸ்கெல், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கு?"

எந்த வீட்டுக்காரர் என்று வினிஃப்ரெட்டுக்கு ஒரு விநாடி விளங்கவில்லை. "பரவாயில்லைங்க."

"நடக்கறாரா?"

"இன்னும் இல்ல."

லிஃப்ட்காரர் பார்னி முன்னால் பார்த்தபடியே சொன்னார். "நானும்தான் பதினாலு வருஷமா இந்தப் பெட்டிய விட்டு நடக்கல. என்னை ஒருத்தரும் விசாரிக்கறதில்ல."

அன்று மாலை 814-க்குக் கோழி சூப் வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'திரு. ஹாஸ்கெலுக்கு. சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும். 815.'

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இப்போதும் யாரும் அவளைக் கேட்கவில்லைதான்.

4

இந்த இடத்தில் எனக்கு வினிஃப்ரெட்மேல் சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? மூன்று தடவை சொல்லவைத்தேன். 'மிஸ்டர் டில்லரி, எனக்கு—' என்று தொடங்கி, மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிப்போனாள். பிறகுதான் புரிந்தது. நோயாளியின் நல்ல மனைவியை அவர் மதிக்கிறார். பொய் சொன்ன தனியாளையும் மதிப்பாரா?

[கணவனைச் சாகடிக்கலாமா என்றும் பார்த்தேன். தினமும் வந்த சூப்பை நான்கு நாள் குடித்துவிட்டு மலர்வளையமும் வாங்கிக்கொள்வதா? கூசியது.]

புதன்கிழமை ஏமஸ் கேட்டார். "சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலாமா?"

கணவனைக் குணப்படுத்தி வெளியே நடக்கவிடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. ஷூ விற்கிறவர் அடியைத்தான் பார்ப்பார். வியாழன் காலை, அந்தப் பெரிய ஷூக்களைக் கோட்டுக்குள் மறைத்துப் பூங்காவுக்கு எடுத்துப்போனாள். முனையில் செய்தித்தாளைத் திணித்துக் காலை நுழைத்தாள். ஏரியைச் சுற்றிச் சரளைப் பாதையில் இரண்டு சுற்று. இல்லாத கணவனுக்காக, அவன் ஷூவில், தனியாக நடந்தாள்.

[சிரிப்புக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.]

வெள்ளி காலை ஏமஸ் ஷூவைப் புரட்டினார். அடி முழுக்கக் கீறல். மனிதர் நடந்துவிட்டார் என்று முகம் மலர்ந்தது. பிறகு மலர்ச்சி நின்றது. இடது குதிகாலின் வெளிவிளிம்பில் மட்டும் கீறல் ஆழமாக, சாய்வாக இருந்தது. பக்கத்தில் இருந்த அவளுடைய சின்ன ஷூவை எடுத்துப் பார்த்தார். அதே இடது குதிகால், அதே வெளிவிளிம்பு, அதே சாய்வு.

இரண்டையும் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

மாலை லிஃப்டில் கேட்டார். "நடந்துட்டாரு போல?"

"ஆமா. பார்க்ல. ரெண்டு சுத்து."

"தனியாவா?"

அவள் மாடி எண்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தனியாத்தான்."

"அந்த ஷூல அவ்வளவு தூரமா? கால் வலிக்கலியா?"

கதவு திறந்தது. இருவரும் நகரவில்லை.

"எட்டாவது மாடி இதுதாங்க" என்றார் பார்னி. "ஒன்பதாவதுக்கும் போகலாம். அங்கயும் இதே கம்பளம்தான்."

5

முடிவுகள்.

ஒன்று: அவர் கதவைத் தட்டுகிறார், அவள் திறக்கிறாள், வாத்தியக்குழு வாசிக்கிறது. எழுதினேன். எந்தத் திரையரங்கிலும் நன்றாக இருக்கும்.

இரண்டு: சனிக்கிழமை அவர் போய்விடுகிறார். மாலையில் சூப் வரவில்லை. இதையும் எழுதினேன், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று: வெள்ளி இரவு, ஷூ வைக்கும் நேரம். 814-இல் வினிஃப்ரெட் ஒரு கையில் தன் ஜோடியும் மறுகையில் அந்த ஜோடியுமாகக் கதவுக்கு உள்ளே நிற்கிறாள். எதிர்க் கதவு திறக்கும் ஓசை கேட்கிறது. இரண்டையும் வைத்தால், அவர் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டு ஊருக்குப் போவார். தன்னுடையதை மட்டும் வைத்தால்—

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. நானே செய்யாத ஒன்றை அவளை எப்படிச் செய்யவைப்பேன்?

இன்று என் வாசல் ஷூவை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஆறு வருஷம் ஆகியும் அடியில் கடைச்சீட்டு ஒட்டியபடியே இருக்கிறது. முனையில் செய்தித்தாள் திணித்தாயிற்று. காலை நுழைத்து நாடாவும் கட்டியாயிற்று. படியில் இறங்கினால் சத்தம் பெரிதாகத்தான் கேட்கும். ரோசா கதவைத் திறந்து பார்க்கக்கூடும்.

வினிஃப்ரெட் இன்னும் நிற்கிறாள். அவள் கதவை நீங்கள் திறந்துவிடுங்கள். நான் தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்.