வளைவு முடிகிற இடம்

"ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கிட்டு வர இந்தச் சட்டைதான் கெடைச்சுதா அத்தான்?" என்று மச்சினி கேட்டபோது, தையல்காரர் தன் மனைவியின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

கண்ணைக் குத்துகிற மஞ்சள் சட்டை. திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய துணியில் அவரே தைத்தது. காலையில் டாக்டர் போனில், "இன்னைக்குத் தாண்டாது" என்று சொன்னதும் அலமாரியைக் கலைத்துப் போட்டுத் தேடி எடுத்திருந்தார். அதை மச்சினியிடம் சொல்லவில்லை.

"பஞ்சை வச்சிட்டுக் கையைப் புடிச்சுக்குங்க. இனிமே அக்காவுக்கு அது போதும்."

கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகமோ வலது பக்கம், திறந்திருந்த கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆமையாய் ஊர்ந்து போகிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் மண் டிராக்கில் பைக் ரேஸ். நாற்பது வயதில் பிடித்த பைத்தியம். இடது வளைவு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வலது வளைவில்தான் விழுவாள். பிரேக்கின் மேல் இருக்கும் வலது காலையே எடுத்து முன்னால் நீட்ட வேண்டும். அந்தப் பயத்தில் பார்வை முன்சக்கரத்தில் விழுந்துவிடும். பார்வை விழுந்த இடத்தில் வண்டியும் விழும்.

"வளைவு முடியற எடத்துல எதையாவது நட்டு வைக்கணும். அதையே பாத்துக்கிட்டுத் திரும்பிடுவேன்" என்றாள் ஒருநாள், முட்டியில் மருந்து தடவிக்கொண்டே.

"எதை நடறது?"

"நீங்க நில்லுங்களேன். வீட்ல நட்டு வச்ச மாதிரி நிக்கிறதுதானே உங்க வேலை!"

நின்றார். வெள்ளைச் சட்டை புழுதியில் தெரியவில்லை என்றாள், மஞ்சளில் தைத்தார். ஒன்பது வருஷம். மற்றவர்களின் வீட்டார் முடிவுக் கோட்டருகே கும்பலாய்க் கூச்சல் போடுவார்கள். டிராக்கின் அந்தக் கோடியில் இவர் ஒருவர்தான். பேச்சுத் துணைக்கு ஒரு காக்கை கூட இருக்காது. சுற்றுக்கு ஒரே ஒரு கணம். டேங்க்கை ஒட்டி உட்கார்ந்து, வலது காலை நீட்டி, இடது முழங்கையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஹெல்மெட் அவர் பக்கமே திரும்பியிருக்கும். அரையடி பின்வாங்கி, புழுதிக்குக் கண்ணை மூடிக்கொள்வார். திறந்தால் சத்தம்தான் மிஞ்சியிருக்கும். அவள் ஜெயித்ததையோ தோற்றதையோ அவர் கண்ணால் பார்த்ததில்லை. யாராவது சொல்லித்தான் தெரியும்.

பிடித்திருந்த கை அசைந்தது. அவளுடைய இடது முழங்கை மெத்தையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது.

"வலிக்குதோ என்னமோ. இறுக்கிப் புடிங்க அத்தான்."

அவர் கையை விட்டார். எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவோரம் நின்றார்.

"என்ன அத்தான் இது? இந்த நேரத்துல அங்க போய் நின்னுக்கிட்டு! அக்காவுக்கு இனி எதுவும் தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"சொன்னாரு."

"அப்ப வந்து கையையாவது புடிங்க. நாளைக்கு நெனச்சு நெனச்சு அழப்போறீங்க."

"நீ புடிச்சுக்கம்மா."

முணுமுணுத்தபடி மச்சினி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நின்றார். மனைவியின் கண்கள் தன் மேல் இருக்கின்றனவா, தன்னைத் தாண்டிப் போகின்றனவா என்று அவரால் சொல்ல முடியவில்லை. டிராக்கிலும் அப்படித்தான். ஹெல்மெட்டுக்குள் அந்தக் கண்கள் எப்படியிருந்தன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

முழங்கை மெல்லத் தாழ்ந்தது. மூச்சு இரண்டு தரம் இழுத்தது. அப்புறம் இல்லை.

மச்சினி கதறினாள். நர்ஸ் வந்தாள், மணி பார்த்தாள், போர்வையை முகம்வரை இழுத்துவிட்டாள். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "வந்து உக்காருங்க அத்தான்" என்று மச்சினி மூக்கைச் சிந்திக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டாள்.

வெகுநேரம் கழித்து இரண்டு பேர் வந்து அவளைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்."

அரையடி பின்வாங்கினார். சக்கரங்கள் செருப்பு நுனியை உரசினாற்போல் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நடைக்கூடத்தின் கடைசியில் வண்டி வலது பக்கம் திரும்பும் சத்தம் கேட்கும்வரை திறக்கவில்லை.