சிவப்புக்கு மேல் பச்சை

பச்சைக் களிம்பு டப்பாவின் மூடி அசைய மறுத்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். விரல் கணுக்களுக்குள் யாரோ மணலை நிரப்பித் தைத்துவிட்டதுபோல் நறநறவென்று வலித்தது.

"என்னங்க, இதக் கொஞ்சம் திறந்து குடுங்க."

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவளை டாக்டரிடம் கூட்டிப்போவதற்காகக் காலை வகுப்பை விட்டிருந்தான். விட்டதைச் சொல்லிக் காட்டாமலும் விடவில்லை. டப்பாவை வாங்கி ஒரே திருகில் திறந்தான்.

"காலைல டீ கிளாசப் பிடிக்க முடியலன்னு அழுத. இப்ப மேக்கப் போட மட்டும் கை வருது பாரு."

"கை வந்தா உங்கள ஏன் கூப்பிடறேன்?"

"டாக்டரப் பாக்கத்தானம்மா போறோம்? போட்டோ எடுக்கவா?"

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். விரல் நுனியில் களிம்பைத் தொட்டு இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் தட்டினாள். சிவப்பை அடக்கப் பச்சை. அதன் மேல் தோல் நிறத்தில் பவுண்டேஷன். அதன் மேல் பவுடர். பார்லர் வேலையில் அரிச்சுவடிப் பாடம் இது. எத்தனையோ கல்யாணப் பெண்களின் பருவையும் தழும்பையும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் அனுப்பிவைத்தவள் அவள். கேமரா மூக்குக்கு நேரே வந்தாலும் தெரியாது.

இந்தச் சிவப்பு கோடையில் வந்தது. கடைக்கு வந்த புது க்ரீமைத் தன் முகத்தில் போட்டுப் பார்த்த வாரம்தான் வந்தது என்பதால், ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டாள். கடைக்கார மேடம் விடவில்லை. "ஏம்மா, உன் மூஞ்சிதான் நம்ம கடைக்கு போர்டு. ஃபேஷியல் பண்றவ கன்னமே தக்காளியாட்டம் இருந்தா எவ வந்து தலையக் குடுப்பா?" அன்று தொடங்கியது இந்தப் பச்சை. பிறகு அது பல் தேய்ப்பதுபோல ஆகிவிட்டது. மறைக்கிறோம் என்ற நினைப்புகூடப் போய்விட்டது.

அவளை அரித்ததெல்லாம் வேறு கவலை. காலையில் மரக்கட்டையாகிவிடும் கைகள். சாயங்காலமானால் கணகணவென்று காயும் உடம்பு. உட்கார்ந்தால் எழ மனம் வராத ஓர் அசதி. அது தூக்கத்தில் தீராது, சாப்பாட்டில் தீராது. முதல் டாக்டர் சத்துக் குறைவு என்றார். அடுத்தவர், வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று கணவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். இன்னொருவர் தினமும் வெயிலில் நடக்கச் சொன்னார். நடந்தாள். உடம்பு இன்னும் மோசமானது. சோம்பேறித்தனம் என்று மட்டும்தான் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது.

கல்யாணப் பெண் அலங்காரங்கள் ஒவ்வொன்றாக அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. 'சிட்டு' என்று கடையில் கூப்பிடப்படும் சின்னப் பெண் அவற்றைச் செய்தாள். இவள் கண்ணெதிரேயே கோணல்மாணலாக.

"இந்த டாக்டரம்மாதான் கடைசி," என்று கணவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். "இவங்களும் ஒண்ணுமில்லன்னுட்டா, நீயும் ஒண்ணுமில்லன்னு ஒத்துக்கணும். சரியா?"

சரி என்றிருந்தாள். அதனால் பஸ்ஸில் போகும்போது அவள் மனம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஏதாவது ஒரு நோய் இருக்க வேண்டும். பெயர் உள்ள நோயாக இருக்க வேண்டும். நோய் கேட்டு வேண்டிக்கொள்கிற ஜென்மம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே எரிச்சலும் வந்தது.

டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"வீக்கம் பெருசா இல்லையே."

"காலைல எழுந்ததும் பாக்கணும் டாக்டர். இந்நேரத்துக்குக் கொஞ்சம் இறங்கிடும்."

"ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. மத்தபடி…" டாக்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். புன்னகைத்தார். "மூஞ்சியப் பாத்தா பளிச்சுன்னு இருக்கீங்க. ஒரு களைப்பும் தெரியல. கொஞ்ச நாள் வேலையக் குறைச்சுக்கிட்டு ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்."

"நானும் அதத்தான் டாக்டர் சொல்றேன்," என்றான் கணவன் பக்கத்து நாற்காலியிலிருந்து.

அவனுக்கு வந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் பஞ்சு குடுங்க."

மேசையோரம் நின்ற நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். இவள் அதற்குள் எட்டி ட்ரேயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டாள். மேக்கப் கலைக்கும் திரவம் எப்போதும் கைப்பையில் இருக்கும். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் கணவன்.

கண்ணுக்குக் கீழே அழுத்தித் துடைத்தாள். பூச்சு கரைந்தது. அதன் அடியிலிருந்து குழி விழுந்த கருப்பு வெளியே வந்தது. "பாருங்க டாக்டர். களைப்பு தெரியலன்னீங்களே, நல்லாப் பாருங்க. இது ரெஸ்ட் எடுத்தா போற கண்ணா? காலைல என் ரவிக்கைக் கொக்கிய நானே போட முடியல. பளிச்சுன்னு இருக்கேனாம்!" குரல் உடைந்ததும் அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. இன்னொரு பஞ்சை எடுத்து முகம் முழுக்க இழுத்தாள். முதலில் தோல் நிறம் வந்தது. பிறகு பச்சை.

டாக்டரின் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"நிறுத்தாதீங்க. மூக்கு மேலயும் தொடைங்க."

"கண்ணப் பாருங்க டாக்டர். அது வேற. க்ரீம் ஒத்துக்கல."

"தொடைங்கம்மா."

துடைத்தாள். டாக்டர் எழுந்து வந்து அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு கன்னத்தில் ஆரம்பித்த சிவப்பு மூக்குத் தண்டைத் தாண்டி மறு கன்னம்வரை படர்ந்திருந்தது. மூக்கோரத்து மடிப்பில் மட்டும் ஏறவில்லை.

"வெயில்ல போனா அதிகமாகுதா?"

"ஆகுது. வெயிலுக்கு யாருக்குத்தான் கன்னம் சிவக்கல?"

"வாயில புண் வருதா?"

"புருவத்துக்கு நூல் போடறப்ப நூலப் பல்லுல கடிச்சுப் பிடிப்போம். அது அறுத்திருக்கும்."

"மேலண்ணத்துலயுமா நூல் அறுக்கும்? முடி கொட்டுதா?"

"கொட்டுது. கடையில அடிக்கிற டை ஒத்துக்கல."

டாக்டர் குனிந்து அவள் காலின் முன்பக்கத்தில் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மாவில் பதிந்தாற்போல் குழியாகவே நின்றது. "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை டாக்டர்," என்று சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் கடையிலேயே ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாகத்தான் இருந்தது.

"இத்தனையும் மறைச்சிட்டு வந்து உக்காந்தா, நாங்க என்ன ஜோசியமா பாக்கறது?" என்றார் டாக்டர்.

"மறைக்கல டாக்டர். நீங்க தலை சீவிட்டு வர மாதிரி நான் இதப் போட்டுட்டு வரேன். இத்தன டாக்டருங்க பாத்தீங்க. ஒருத்தராவது 'இந்த மேக்கப்பக் கழுவிட்டு வாம்மா'ன்னு சொன்னீங்களா? வாயத் திறன்னு சொன்னீங்களா?"

டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இப்போது அவர் குரல் வேறாக இருந்தது.

"லூபஸ்னு ஒரு நோய். அதுவாத்தான் இருக்கும்னு தோணுது, ரத்தம் பாத்துத்தான் உறுதியாச் சொல்லணும். கிருமியோட சண்டை போட வேண்டிய சக்தி, சொந்த உடம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்கும். தோல், மூட்டு… சிறுநீரகத்தையும் தொடலாம். கால் வீக்கம் எனக்குப் பிடிக்கல. யூரின் இப்பவே குடுத்துட்டுப் போங்க."

"தீருமா?"

"அடக்கி வெக்கலாம். மருந்து ரொம்ப நாளைக்கு, அனேகமா எப்பவுமே. வெயில் ஆகாது."

வேண்டியது கிடைத்துவிட்டது. பெயர் உள்ள நோய். அதில் வந்த சந்தோஷம் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் வற்றிப்போயிற்று. கோடையிலிருந்து உள்ளே என்னென்ன அடிபட்டிருக்குமோ. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. மேடம்மேலா, டாக்டர்கள்மேலா? அவள் கைத்திறமைமேலேயேவா? சிட்டு போட்ட மேக்கப்பாக இருந்திருந்தால் முதல் டாக்டரே கண்டுபிடித்திருப்பார்.

லேப் வராந்தாவில் கணவன் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"சிக்னல்ல சிவப்பு விழுந்தா நிக்கணும்னு நான் ஊருக்கெல்லாம் சொல்லித்தரேன். நீ அது மேல பச்சையப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருந்திருக்க."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"இவ்வளவு இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"தினம் சொன்னேன்."

"இல்ல… இப்ப மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கு."

"நேத்தும் இதே மூஞ்சிதான் பக்கத்துல படுத்திருந்துச்சு."

அந்த முகத்தை அவன் பார்க்காமல் இல்லை. கண்ட க்ரீமையும் போடாதே என்று ஒரு தடவை சொல்லியும் இருந்தான். இத்தனை நாள் அவள் வாயால் சொன்னது ஏறவில்லை. ஒரு துண்டுப் பஞ்சு சொன்னது ஏறிவிட்டது. அதுவே அவளுக்கு நோயைவிட அதிகமாக எரிந்தது.

கைப்பையில் போன் அதிர்ந்தது. மேடம்.

"என்னம்மா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல? சாயங்காலம் ஒரு பொண்ணு அலங்காரம் இருக்கு. சிட்டு போட்டா திட்டுத்திட்டா வருது. வந்துடுறியா?"

"ஒண்ணு இருக்காம் மேடம். அப்புறம் பேசறேன்."

லேப் ஜன்னலில் இருந்தவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். இவள் அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தாள். வாசலில் கண்ணாடி. கை தானாகக் கைப்பைக்குள் போய்ப் பச்சை டப்பாவைத் தொட்டது. வெளியே எடுக்கவில்லை. எதிரே வந்த இரண்டு பேர் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைத் திருகினாள். சுற்றிப் பிடிக்கத் துண்டு இல்லை. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு. நகரவில்லை. அந்த வராந்தாவில் அதைச் சுவரில் விட்டெறிய வேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்து கணவனிடம் நீட்டினாள். அவன் திறந்து கொடுத்தான். இந்தத் தடவை வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"மூடியக் கீழ போட்டுடாதீங்க," என்றாள். "திரும்ப நீங்கதான் மூடணும்."