காலேஜ் கேட்டிலிருந்து முப்பத்தெட்டு எட்டு

என் அறையிலிருந்து காலேஜ் கேட்டுக்கு முப்பத்தெட்டு எட்டு. எட்டு வைத்து எண்ணியது நானில்லை, அப்பா. என்னைச் சேர்க்க வந்த அன்றே நடந்து பார்த்துவிட்டு, "மணி அடிச்ச பெறவு கெளம்பினாலும் போதும் மக்களே" என்றார். போர்ட் பிளேரில் அதைப்போலத் தொல்லை பிடித்த அறை வேறு கிடையாது.

அறைமேல் குற்றமில்லை, குற்றமெல்லாம் அப்பாவின் வாய்மேல்தான். அடைக்கலசாமி என்றால் எங்கள் தீவில், ஹட் பேயில், எல்லாருக்கும் தெரியும், படகு எஞ்சின் பார்ப்பவர். ஜெட்டியில் கப்பல் ஏறுகிற யாரைக் கண்டாலும், "நம்ம பெனிட்டா ரூம் காலேஜ் கேட்டுக்கு நேர் எதிர, பைய அங்க வச்சுக்கிடுங்க" என்று அனுப்பிவிடுவார். தீவுக்காரர்களுக்கு இது வழக்கம்தான். கப்பல் என்று வரும், டிக்கெட் என்று கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாது. அதனால் போர்ட் பிளேரில் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். அது என் கதவாகிப் போயிற்று. கருவாட்டு மூட்டை வரும், காலைக் கட்டிய கோழி வரும். ஒரு நாளைக்கென்று வந்த மிக்ஸி மூன்று மாதம் என் கட்டிலுக்கடியில் கிடந்தது.

போன செமஸ்டரில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், காற்று பலமென்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். என் அறையில் ஐந்து பேர். "நீ படி தாயி, நாங்க மூச்சு விடமாட்டோம்" என்றார் எங்கள் ஊர் சொர்ணம்மா அத்தை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூச்சை விட்டார், குறட்டையாக. நான் புத்தகத்தோடு மாடிப்படிக்குப் போனேன். பரீட்சையில் ஃபெயில். இன்னொரு முறை ஃபெயிலானால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்றது, நான் ஹட் பேக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கூடப் படிக்கும் செலின், போர்ட் பிளேர் ஓரத்தில் கராச்சர்மாவில் தன் வீட்டு மாடியறை காலியாக இருப்பதாகச் சொன்னாள். காலேஜுக்கு ஒரே பஸ். எனக்கு ஆசைதான். ஆனால் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். மகள் காலேஜ் வாசலிலேயே இருக்கிறாள் என்பது அவருக்கு, தானே பட்டம் வாங்கிய மாதிரி. அதைப் பிடுங்க மனசு வரவில்லை. அவர்மேல் எரிச்சலும் அடங்கவில்லை.

அப்போதுதான் எஞ்சின் சாமான் வாங்க அவரே கப்பலேறி வந்தார். அறையில் படுத்திருக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். மத்தியானம் திரும்பினால், மனிதர் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"உள்ள நம்ம ஊரு ராஜகுமாரி பிள்ளைக்குப் பால் குடுக்கா. நாமதானே வரச் சொன்னோம், எழும்புன்னு சொல்ல முடியுமா?" என்றவர், மீட்டர் பெட்டியின் மேலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். "ஒன் கணக்கு நோட்டு ஏன் இங்க கெடக்கு?"

"நான் படிக்கிற இடம் இதுதாம்ப்பா."

அவ்வளவுதான், அணை உடைந்தது. மிக்ஸி, கோழி, குறட்டை, ஃபெயில், ஸ்காலர்ஷிப், கராச்சர்மா எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அப்பா நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முகம் சுருங்கிப் போயிற்று. ஐயோ, கொஞ்சம் அடக்கிச் சொல்லியிருக்கலாமே என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியோடு படியேறி வந்தார்.

"பெனிட்டா ரூம் யஹீ ஹை நா, இதுதானே? ஹட் பே அடைக்கலசாமி பாயி அனுப்பினாரு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அவரு ஒமக்குப் பழக்கமா?"

"அரே, என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தன் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறை பார்க்கும் அந்த மனிதருக்கு, அப்பா நகர்ந்து வழிவிட்டார். பெட்டி உள்ளே போனது. பிறகு என்னிடம் கேட்டார், "பஸ்ல நின்னுட்டுல்லா வரணும்?"

"நின்னுட்டே வாறேன்."

"செரி. கெளம்பு, அந்த ரூமப் பாப்போம்."

அன்றே பார்த்தோம். மறுநாளே கட்டில், பெட்டி எல்லாம் கராச்சர்மா போயின. கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். யாரும் தட்டவில்லை. அப்பாடா! சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்பாவைக் கப்பலேற்ற ஜெட்டிக்குப் போனபோது வரிசையில் சொர்ணம்மா அத்தை நின்றார். "ரூம் மாத்தியாச்சாமே அண்ணே! புது ரூம் எங்க?"

எனக்குத் திக்கென்றது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அத ஏன் கேக்க? கராச்சர்மாவும் தாண்டி உள்ள போவணும். ரெண்டு பஸ் மாறி, பெறவு ஒரு ஏத்தம் ஏறணும். ஒன் முட்டுவலிக்கு ஆவாதும்மா."

"அய்யோ பாவம் பிள்ள" என்று அத்தை என் கன்னத்தைத் தடவினார்.

அத்தை கப்பலேறியதும் அப்பா என் காதருகே குனிந்தார். "பஸ் ஸ்டாப்புலேருந்து ஒன் ரூமுக்கு இருபத்தொரு எட்டு. எண்ணிட்டேன்" என்றார். "யாருட்டயும் சொல்லமாட்டேன் மக்களே."